கை ஓங்கியதே இல்லை, ஆனாலும் அவள் பயந்துதான் வாழ்கிறாள்: இதைக் குடும்ப வன்முறை என்று சொல்லலாமா?

தொலைதூரத் தோழி

இத்தனை காலமும் இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்த நான், நெருங்கிய தோழி ஒருத்தியின் நிலையைப் பற்றிக் கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். சிலவற்றை மாற்றியும் எழுதியிருக்கிறேன்.

அவளுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கணவரை அறிந்தவர்கள் எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார்கள். அவர் குடிப்பதில்லை; பிறர் முன்னிலையில் அவளிடம் குரலை உயர்த்துவதுமில்லை. ஒருநாளும் தன்மீது கை ஓங்கியதில்லை என்று அவளே சொல்கிறாள். ஆனால் அவளுடைய சம்பளம் வந்த அன்றே அவருடைய கணக்குக்குப் போய்விடுகிறது. செலவுக்கு அவரிடம் கேட்டு வாங்கி, மிச்சத்தை ரசீதோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுடைய கைப்பேசியின் கடவுச்சொல் அவருக்குத் தெரியும், அவருடையது இவளுக்குத் தெரியாது. பெற்றோரிடம் பேசினால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேச வேண்டும். வேலையிலிருந்து வரச் சற்றுத் தாமதமானால் இரவெல்லாம் விசாரணை நடக்கும். அதன்பிறகு நாட்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

என்னிடம் பேசும்போது பாதிப் பேச்சில் "அவர் வந்துவிட்டார், வைக்கிறேன்" என்று துண்டித்துவிடுவாள். அண்மையில் அவளுடைய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: "நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் அடிக்கடி தொடர்புகொள்ள வேண்டாம்." பள்ளி நாள் முதல் என்னை "நீ, வாடி, போடி" என்று அழைப்பவள் அவள். "நீங்கள்" என்று எழுதியது அவளாக இருக்க முடியாது.

நேரில் கேட்டால், "அவருக்குப் பாசமும் அதிகம், கோபமும் அதிகம். என்னை அடிப்பதில்லையே" என்கிறாள். இதைக் குடும்ப வன்முறை என்று சொல்லலாமா? அப்படியென்றால், அவளுக்கு மேலும் சிக்கலை உண்டாக்காமல் நான் என்ன செய்ய முடியும்?

நிழல்மரம்

பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஆலோசனைப் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பவை உண்மையென்றால், உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் "ஆம்" என்பதுதான்.

பெரும்பாலோர், ஏன் பாதிக்கப்பட்டவர்களேகூட, அடி விழுந்ததா என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நான் அந்தக் கேள்வியில் தொடங்குவதில்லை. முன்பு உங்களால் இயல்பாகச் செய்ய முடிந்த எதையெல்லாம் இப்போது செய்ய முடிவதில்லை என்று கேட்பேன். அடுத்து, அவர் சொல்லும் ஒன்றுக்கு நீங்கள் "முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்பேன். எல்லா வீட்டிலும் சண்டை உண்டு. ஆனால் இருவரும் சமமாக நிற்கும் வீட்டில், சண்டை முடிந்தபின் இருவருமே மறுபடி அதே கருத்தை அச்சமின்றிச் சொல்ல முடியும். ஒருவர் மட்டும் எப்போதும் அடுத்தவரின் முகக்குறியைப் பார்த்துப் பார்த்துப் பேச்சையும் உடையையும் நட்பையும் திருத்திக்கொண்டே வந்தால், அங்கே நடப்பதற்குச் சண்டை என்று பெயரில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரில், 1984-இல், வன்முறைக்கு ஆளான பெண்கள் குழுவாக அமர்ந்து சொன்ன அனுபவங்களிலிருந்து "அதிகாரமும் கட்டுப்பாடும்" என்ற ஒரு சக்கரப் படத்தை உருவாக்கினார்கள். அதன் அச்சில் அதிகாரமும் கட்டுப்பாடும் இருக்கின்றன. ஆரங்களில் மிரட்டல், மனத்தை நோகடித்தல், உறவுகளிலிருந்து பிரித்து வைத்தல், செய்ததை மறுத்துப் பழியை அவள்மீதே போடுதல், பிள்ளைகளைக் கருவியாக்குதல், பணத்தைக் கையில் வைத்து ஆட்டுதல் போன்றவை வருகின்றன. அடி உதையும் பாலியல் வன்முறையும் அந்தச் சக்கரத்தின் வெளி விளிம்பில்தான் இருக்கின்றன. எப்போதாவது ஒருமுறை அந்த விளிம்பைத் தொட்டுக் காட்டினாலே போதும், உள்ளே இருக்கும் ஆரங்கள் தாமாகவே வேலை செய்யும். சில வீடுகளில் அதுகூடத் தேவைப்படுவதில்லை. கதவை அறைந்து சாத்துவதும் தட்டைச் சுவரில் வீசுவதும் போதுமானவையாகிவிடுகின்றன.

சமூகவியலாளர் எவன் ஸ்டார்க் 2007-இல் இந்தக் கட்டுப்பாட்டையே முதன்மைக் குற்றமாகக் கருத வேண்டும் என்று விரிவாக வாதிட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு, நெருங்கிய உறவிலும் குடும்பத்திலும் தொடர்ந்து நடக்கும் இத்தகைய கட்டுப்பாட்டை 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கை ஓங்காத வன்முறை என்பது யாரோ கற்பனையாகச் சொல்வதன்று.

இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்குள் ஒரு வேண்டுகோள்: அந்தச் செய்திக்குப் பதிலாக அவளுடைய எண்ணுக்கு, "இதை எழுதியது நீதானா?" என்பதுபோல எதையும் அனுப்பிவிடாதீர்கள்.

பழைய வாசகர்

சகோதரியின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு, பார்த்திராத ஒரு மனிதரைக் குற்றவாளி என்று இங்கே தீர்ப்பு எழுதுவது முறையா? எத்தனையோ குடும்பங்களில் பணம் ஒருவர் கையில்தான் இருக்கிறது. கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கணவன் அறிந்திருப்பதும் உலகத்தில் இல்லாத செய்தியன்று. முன்பெல்லாம் பெரியவர்கள் இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோன விஷயங்களுக்கு இன்று பெரிய பெரிய பெயர்களைச் சூட்டிக் குடும்பத்தையே உடைத்துவிடுகிறோம் என்பது என் எண்ணம். கணவன் மனைவிக்கு இடையில் மூன்றாமவர் நுழைந்தால் நன்மையைவிடத் தீமையே மிகுதி.

கரை சேர்ந்தவள்

ஐயா, நீங்கள் கேட்டதில் ஒரு பகுதி நியாயமானது. பணம் ஒருவர் கையில் இருப்பதனாலேயே அது வன்முறையாகிவிடாது. என் அண்ணன் வீட்டில் வரவு செலவு முழுவதையும் அண்ணிதான் பார்க்கிறார். அண்ணன் கேட்டால் கணக்கைக் காட்டுவார், கேட்காமல் அண்ணன் எதையாவது வாங்கிவிட்டால் சிரித்துக்கொண்டே திட்டுவார், அவ்வளவுதான். என் வீட்டில் நடந்தது வேறு.

என் முன்னாள் கணவர் காலையில் என் வண்டியின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வார். மாலையில் வந்ததும் முதல் வேலையாக மறுபடி அதைப் பார்ப்பார். அலுவலகத்துக்குப் போய்வரும் தூரத்தைவிட ஒரு கிலோமீட்டர் கூடியிருந்தால், அது எங்கே போனது என்பதற்கு நான் விடை சொல்ல வேண்டும். சாலையை மறித்துப் பணி நடந்தது, சுற்றி வந்தேன் என்றால், அந்தச் சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் ஒரு முறைகூடக் கத்தியதில்லை. மிகவும் பொறுமையாக, எழுத்துத் தேர்வின் கேள்விகளைப் போல ஒவ்வொன்றாகக் கேட்பார். நாளடைவில் தோழிகளின் வீட்டுக்குப் போவதை நானே நிறுத்திக்கொண்டேன். அவர் போகக் கூடாது என்று சொல்லவே இல்லை. போய்விட்டு வந்தபின் நடப்பதைத் தாங்கும் தெம்பு எனக்கு இல்லாமல் போயிற்று. உறவினர்களிடம் இதைச் சொன்னால், "உன்மேல் அவ்வளவு அக்கறை" என்பார்கள்.

பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பேசியதும் என் வீட்டில் நடந்தது. அவர்கள் முன்னால் அவர் கண்கலங்கி, "இனி இப்படி நடக்காது" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்து அனுசரித்துப் போகச் சொன்னார்கள். அவர்கள் படியிறங்கிய பிறகு, வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோனதற்கான விசாரணை தொடங்கியது. அதுவரை என்னிடம் இருந்த வங்கி அட்டையும் அன்றோடு போயிற்று. அப்படிப் பேச வருகிறவர்கள் யாராவது, இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய வாசகர்

நீங்கள் பட்டதை அறிந்து வருந்துகிறேன் அம்மா. இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பதில் இப்படியொரு ஆபத்து இருப்பதை ஏற்கிறேன். ஆனாலும் சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண், இவ்வளவு நடந்தும் ஏன் வெளியே வராமல் இருக்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

நிழல்மரம்

சம்பாதிக்கும் பணம் அவள் கையில் இருந்தால்தானே ஐயா அதைக் கொண்டு வெளியே வர முடியும்? போவதற்கு இடமும் வேண்டும், அழைத்தால் எடுக்கும் நட்பும் வேண்டும். இரண்டையும் ஏற்கெனவே வெட்டிவிட்டிருப்பார்கள். பிள்ளைகள் இருந்தால், "போனால் பிள்ளையை மறந்துவிடு" என்ற ஒரு வாக்கியம் போதும். இவை தவிர நம்பிக்கை என்றொன்றும் இருக்கிறது. உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல், இறுக்கம் கூடுதல், வெடித்தல், பின்னர் மன்னிப்பும் அன்பும் பொழிதல் என்று ஒரு சுழற்சியை விளக்கினார். எல்லா வீட்டிலும் அது அப்படியே நிகழ்வதில்லை, அந்த மூன்றாம் கட்டம் வராத வீடுகளும் உண்டு. வரும் வீடுகளில், அந்த நல்ல நாட்களில் தெரிகிற மனிதரைத்தான் அவள் தன் உண்மையான கணவர் என்று நம்புகிறாள், அவருக்காகத்தான் காத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. பிரிந்து போகும் காலமும் அதற்கடுத்த சில மாதங்களுமே பெரும்பாலும் மிக ஆபத்தானவை. கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று தெரியும்போதுதான் இதுவரை கை ஓங்காதவரும் ஓங்கக்கூடும். அதை அவள் உள்ளூர உணர்ந்திருக்கிறாள். ஆகவே, "உடனே கிளம்பி வா" என்று வெளியிலிருந்து அவசரப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. எப்போது, எப்படி என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே ஒருவர் அவளுக்காக எல்லா முடிவுகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். உதவி செய்யப் போகும் நாமும் அதையே செய்யக் கூடாது.

இரவுப்பணி

அவசரப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். கை ஓங்கியதில்லை என்று உங்கள் தோழி சொல்வதை நான் முழுமையாக நம்பிவிட மாட்டேன். பிடித்துத் தள்ளுவதையும், வழியை மறித்து நிற்பதையும், கழுத்தில் கை வைப்பதையும் பலர் அடியாகவே எண்ணுவதில்லை. எங்களிடம் வேறு காரணம் சொல்லி வருகிற பெண்ணிடம், "அடித்தாரா?" என்று கேட்டால் இல்லை என்பார். "கழுத்தைப் பிடித்தாரா, மூச்சு முட்டியதா?" என்று தனியறையில் கேட்டால், சற்று நேரம் கழித்துத் தலையசைப்பார்.

கழுத்தை நெரிப்பதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சில நொடிகளிலேயே நினைவு தப்பலாம், சில நிமிடங்களில் உயிரே போகலாம். பல நேரங்களில் வெளியே ஒரு தடயமும் இருக்காது. குரல் கரகரப்பது, விழுங்கும்போது வலிப்பது, கண்களின் வெண்பகுதியில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது, அந்த நேரத்தில் நடந்தது நினைவில்லாமல் போவது, தன்னையறியாமல் சிறுநீர் பிரிந்திருப்பது ஆகியவை அறிகுறிகள். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்தும் பக்கவாதம் வரலாம். எனவே மேலுக்கு ஒன்றுமில்லை என்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கழுத்து நெரிக்கப்பட்டது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்பு துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது.

செவிலியப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980-களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கேள்விகள் இன்றும் பல நாடுகளில் பயன்படுகின்றன. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், வீட்டில் துப்பாக்கி, கட்டாய உடலுறவு, கருவுற்ற காலத்தில் அடித்தல், பின்தொடர்தல், அவளுடைய அன்றாடத்தின் பெரும்பகுதியைக் கட்டுப்படுத்துதல், தற்கொலை செய்துகொள்வேன் என்ற மிரட்டல், அண்மையில் பிரிந்தது: இவை அதில் இடம்பெறுகின்றன. தற்கொலை மிரட்டலைப் பலர் இரக்கத்தோடு மட்டும் பார்க்கிறார்கள். அது அவளுக்கும் ஆபத்தான அறிகுறி.

கம்பியில்லாத் தந்தி

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் சொல்லப்படும் எந்த ஆலோசனையும் அவளுடைய சொந்தக் கைப்பேசிக்குப் போகக் கூடாது.

வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற பகுதியில் அவருடைய கணினி இணைக்கப்பட்டிருந்தால், அவள் அனுப்புவதும் பெறுவதும் அவருக்கு உடனுக்குடன் தெரியும். கூகுள், ஆப்பிள் கணக்குகளில் இருப்பிடப் பகிர்வு இயக்கப்பட்டிருக்கலாம். கைப்பையிலோ வண்டியிலோ சிறிய கண்காணிப்புச் சில்லை வைத்திருக்கலாம். இவற்றைக் கண்டுபிடித்தவுடன் அழித்துவிடுவதுதான் பலரும் செய்வது. அப்படி அழித்தால் அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும், தடயமும் போய்விடும். எனவே பழைய கைப்பேசியை வழக்கம்போலவே பயன்படுத்திக்கொண்டு, உதவி தேடுவதற்கு மட்டும் அலுவலகக் கணினியையோ நம்பிக்கையானவரின் கைப்பேசியையோ பயன்படுத்துவது நல்லது. உலாவியின் மறைநிலைச் சாளரம் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். உளவுச் செயலி நிறுவப்பட்டிருந்தால் அதனால் பயனில்லை.

மிரட்டல் செய்திகளின் படங்களை அவள் வேறொரு கருவியிலிருந்து, அவருக்குத் தெரியாத புதிய மின்னஞ்சல் கணக்கில் சேமிக்கலாம். அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாகப் பழைய எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெயர் வேண்டாம்

ஆண் என்பதால் எழுதலாமா என்று தயங்கினேன். என் மனைவி என்னை அடித்ததுண்டு. ஆனால் என்னை முடக்கியது அடியன்று. "நீ போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? நீதான் அடித்தாய் என்று நான் சொல்வேன்" என்ற வாக்கியம்தான். உதவி எண்ணை அழைத்தபோது, எதிர்முனையில் இருந்தவர் சிரிக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நிழல்மரம்

எழுதியதற்கு நன்றி, ஐயா. மனைவியிடமும், மகன் மருமகளிடமும், உடன்பிறந்தவரிடமும், ஒரே பாலினத் துணைவரிடமும் இதை அனுபவிப்பவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உறவில் இருக்கிற அல்லது இருந்த 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் தம் துணைவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். பெண்கள்மீதான சுமை மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. அதனால் உங்கள் அனுபவம் சிறிதாகிவிடாது.

சட்டப்பார்வை

இங்கே வாசிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 26 அக்டோபர் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என நான்கு வகைத் துன்புறுத்தல்களையும் வன்முறை என்கிறது. அவளுக்குரிய பணத்தைப் பறித்துக்கொண்டு செலவுக்குத் திண்டாட விடுவது பொருளாதாரத் துன்புறுத்தலுக்குள் வரும். மனைவி மட்டுமன்றி, தாய், சகோதரி, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் ஆகியோரும் இதைப் பயன்படுத்தலாம். பாதுகாப்பு ஆணை, வீட்டை விட்டு வெளியேற்றாமல் காக்கும் குடியிருப்பு ஆணை, பண நிவாரணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை நீதித்துறை நடுவரிடம் கேட்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மணவிலக்குக் கோராமலேயே இவற்றைக் கேட்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. வழக்கு என்றாலே மணவிலக்கு என்று பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். வீடு கணவர் பெயரில் இல்லை, மாமனார் பெயரில் இருக்கிறது என்று சொல்லி வெளியேற்றப்படுபவர்கள், உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அத்தகைய வீட்டையும் பகிர்ந்து வாழும் இல்லமாக, அதாவது அவள் குடியிருக்க உரிமை கோரக்கூடிய வீடாக, கருத இடம் தந்திருப்பதை வழக்கறிஞரிடம் நினைவூட்டலாம். பெண்கள் வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம்.

தொலைதூரத் தோழிக்குத் தேவையான செய்தி 4-ஆம் பிரிவில் இருக்கிறது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும், இச்சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தருபவர்மீது வழக்குத் தொடர முடியாது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, உடனடி உயிராபத்து இல்லாத நிலையில், அவளைக் கேட்காமல் அதைச் செய்யுமாறு நான் சொல்ல மாட்டேன்.

இலங்கையிலும் 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க முடிகிறது. பேச்சை ஒலிப்பதிவு செய்வது பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

நெறியாளர்

அவருடைய அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பி அவமானப்படுத்துங்கள் என்று எழுதப்பட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். அதன் விளைவை அனுபவிக்கப் போகிறவர் அந்தப் பெண்தான்.

தேவைப்படுவோருக்காக எண்களை இங்கே தருகிறேன். இந்தியாவில் பெண்களுக்கான உதவிக்கு 181, சட்ட உதவிக்கு 15100, அவசரத்துக்கு 112. இலங்கையில் 1938. மலேசியாவில் 15999. சிங்கப்பூரில் 1800 777 0000. பிரிட்டனில் 0808 2000 247. அமெரிக்காவில் 1 800 799 7233. ஆஸ்திரேலியாவில் 1800 737 732. அழைத்தபின் எண்ணைப் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள்; மாதக் கட்டணப் பட்டியல் வேறொருவர் கைக்குப் போகுமானால் வேறு தொலைபேசியிலிருந்து அழையுங்கள்.

நிழல்மரம்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், தோழி.

அவளைத் தனியாகச் சந்திக்க ஓர் இயல்பான காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கணவரைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். "அவன் ஒரு மிருகம்" என்று நீங்கள் சொன்னால், அவரைக் காப்பாற்றிப் பேச வேண்டிய நிலைக்கு அவள் தள்ளப்படுவாள். பிறகு அவரோடு சமாதானமாகும் நாளில் உங்களை விலக்கிவிடுவாள். நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "நீ முன்புபோல் இல்லை. பேசும்போது பதறுகிறாய். எனக்குக் கவலையாக இருக்கிறது." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவள் சொல்லும் எதற்கும் ஆதாரம் கேட்காதீர்கள். நீ ஏன் அப்படிச் செய்தாய் என்றும் கேட்காதீர்கள். இது உன் தவறு அன்று என்ற ஒரு வாக்கியத்தைப் பலரும் வாழ்நாளில் முதன்முறையாக எங்கள் அறையில்தான் கேட்கிறார்கள். தம்பதிகளுக்கான கூட்டு ஆலோசனைக்கு அனுப்புவதையும் இந்நிலையில் தவிர்க்க வேண்டும். அறைக்குள் அவள் வாய்திறந்து சொன்னதற்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்புத் திட்டம் என்பது வெளியேறும் திட்டம் மட்டுமன்று. அங்கேயே இருக்கும் நாட்களுக்கும் அது வேண்டும். பேச்சு முற்றும்போது சமையலறையிலும் குளியலறையிலும் நிற்காமல், வெளிக்கதவுள்ள அறைப்பக்கம் நகர்வது. மனப்பாடமாக இரண்டு எண்களை வைத்திருப்பது. பிள்ளை இருந்தால், சண்டையை விலக்க வராமல் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லிக் கொடுப்பது. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ், திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்தின் சீட்டு ஆகியவற்றின் படிகளை உங்களிடம் கொடுத்து வைக்கலாம். மூலங்களை ஒரேயடியாக எடுத்தால் அலமாரி காலியாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

தொலைதூரத் தோழி

எல்லோருக்கும் நன்றி. அவளுடைய அலுவலகத்துக்கு அருகே, மதிய இடைவேளையில் அவளைச் சந்தித்தேன். நிழல்மரம் சொன்னபடியே, கண்டதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தச் செய்தியைத் தான் எழுதவில்லை என்றும், நான் பதில் அனுப்பாமல் இருந்தது நல்லதாயிற்று என்றும் சொன்னாள். இரவுப்பணி கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன். அப்படி நடந்ததில்லை என்றாள். ஆனால் வழியை மறித்துக்கொண்டு நிற்பதுண்டு என்றும், ஒருமுறை படுக்கையறையில் வெளியே தாழிட்டு வைத்ததுண்டு என்றும் சொன்னாள். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதைக்கு வெளியேற விரும்பவில்லை என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இரண்டு ஏற்பாடுகளுக்கு ஒப்புக்கொண்டாள். அவளுடைய எண்ணிலிருந்து "நீங்கள்" என்று வந்தால் அது அவள் எழுதியதன்று. நான் பதிலளிக்க மாட்டேன். எங்கள் பழைய ஆசிரியர் ஒருவரின் உடல்நலத்தை அவள் விசாரித்தால், நான் உடனே காவல்துறையை அழைக்க வேண்டும். சான்றிதழ்களின் படிகளை அலுவலகத்திலேயே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். உதவி எண்ணை அழைக்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை. அவளுக்குப் பதிலாக நான் அழைக்கலாமா?

நிழல்மரம்

தாராளமாக அழைக்கலாம். நண்பர்களும் உறவினர்களும் அழைப்பதும் வழக்கம்தான். அவளுடைய பெயரையோ முகவரியையோ சொல்லாமலேயே பேசலாம். இரவில் அவள் வெளியேற நேர்ந்தால் தங்குமிடம் கிடைக்குமா, பிள்ளையோடு வரலாமா, புகார் கொடுத்தால்தான் இடம் தருவார்களா, அலுவலக நேரத்தில் அவளோடு பேச ஓர் ஆலோசகர் கிடைப்பாரா என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை அவளுக்கு எழுதி அனுப்பாமல், அடுத்த சந்திப்பில் வாய்மொழியாகச் சொல்லுங்கள். தாழிட்டு வைத்ததைப் பற்றி அழைப்பில் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆபத்தின் அளவைக் கணிப்பவர்களுக்கு அது தேவைப்படும். அவள் சொன்ன நாளையும், அவள் பயன்படுத்திய சொற்களையும் மாற்றாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதி உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள். என்றாவது அவள் பாதுகாப்பு ஆணை கேட்க முடிவு செய்தால், அப்போது அவளுடைய வழக்கறிஞர் உங்களிடம் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.